டெக்கன் 3 எப்படிச் சிங்காநல்லூர் வரை வந்தது: ஒரு நிகழ்வு ஆய்வு

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் 1980-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் பிறந்த பையன்களிடம், சின்ன வயதில் என்ன வீடியோ கேம் விளையாடினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ரோட் ராஷ், வைஸ் சிட்டி, கவுண்டர் ஸ்ட்ரைக், டெக்கன் 3 என்று நான்கைந்து பெயருக்குள் பதில் முடிந்துவிடும். இதில் மற்றதெல்லாம் கம்ப்யூட்டருக்கென்று முறையாக வெளிவந்தவை. டெக்கன் 3 வரவில்லை. அந்த வரிசையில் கம்ப்யூட்டருக்கு முதன்முதலாக வந்ததே ஏழாம் பாகம்தான், அதுவும் 2017-ல். ஆனாலும் 2000-க்குப் பிறகு இந்தப் பக்கத்தில் திறந்த பிரௌசிங் சென்டர்களில் பாதியிலாவது டெஸ்க்டாப்பில் டெக்கன் 3 ஐகான் இருந்திருக்கும்.

ஜப்பானில் ஆர்கேடு கடைகளுக்காக, அதாவது காசு போட்டு விளையாடும் இயந்திரக் கடைகளுக்காகச் செய்த ஒரு சண்டை ஆட்டம், அதுவும் மூன்றாம் பாகம், கையேடு இல்லாமல், விளம்பரம் இல்லாமல், விற்பனைக்கே வராமல் இங்கே எப்படி ஊன்றியது? "நல்ல ஆட்டம், அதனால்" என்று சொல்லி முடித்துவிடலாம். அந்த வருடங்களில் நல்ல ஆட்டங்கள் நிறைய வந்தன, அவற்றின் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. என் கணிப்பு வேறு. டெக்கன் 3-ஐச் செய்தவர்கள் எதைச் சேர்த்தார்கள் என்பதைவிட எதையெல்லாம் துணிந்து விட்டார்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. நான்காம் பாகம் ஏன் தடுமாறியது என்பதும் அதே கணக்கில் வந்துவிடும்.

எதிரி பெரிய பெட்டி வைத்திருந்தான்

முப்பரிமாணச் சண்டை ஆட்டத்துக்குக் கால்கோள் போட்டது சேகா கம்பெனி. 1993-ல் வெர்ச்சுவா ஃபைட்டர். அதில் வேலை செய்த செய்யிச்சி இஷி பிறகு நாம்கோ கம்பெனிக்கு வந்து 1994-ல் முதல் டெக்கனை இயக்கினார். 1995-ல் இரண்டாம் பாகம். அதற்குள் இஷி தனியாகப் போய் ட்ரீம்ஃபேக்டரி என்ற கம்பெனியைத் தொடங்கிவிட்டார், 1996-ல் டோபல் நம்பர் 1 என்று போட்டியாக ஒரு சண்டை ஆட்டத்தையும் இறக்கிவிட்டார். ஆக மூன்றாம் பாகம் வேறு கைகளுக்குப் போனது. அதன் இயக்குநர்களில் ஒருவர் கட்சுஹிரோ ஹராடா. பிற்காலத்தில் டெக்கன் என்றாலே அவர் முகம் என்று ஆனவர். நாம்கோவில் அவர் முதலில் சேர்ந்தது ஆட்டம் செய்யும் பிரிவில் இல்லை, ஆர்கேடு கடைகளோடு சம்பந்தப்பட்ட விற்பனைப் பிரிவில். கடையில் நிற்கிறவன் எதற்குக் காசு போடுவான், எப்போது எழுந்து போவான் என்று பார்த்தவர். இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1996-ல் சேகா வெர்ச்சுவா ஃபைட்டர் 3-ஐ இறக்கியது. மாடல் 3 என்ற போர்டு, அதாவது ஆர்கேடு இயந்திரத்துக்குள் ஆட்டத்தை ஓட்டும் மின்பலகை. அன்றைய தேதிக்கு அதைவிடப் பலமான ஆர்கேடு இயந்திரம் இல்லை என்றே சொல்லலாம், விலையும் அதற்கேற்ற மாதிரி. மேடு பள்ளமான தரை, படிக்கட்டு, சரிவு, எல்லாம் இருந்தது. பக்கவாட்டில் விலகுவதற்கென்றே நான்காவதாக ஒரு பட்டன் கொடுத்தார்கள். பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள்.

நாம்கோவிடம் அப்படிப்பட்ட போர்டு கிடையாது. அவர்களுடைய சிஸ்டம் 11 போர்டு வீட்டு டிவியில் மாட்டி விளையாடும் சோனி பிளேஸ்டேஷன் பெட்டியின் உள்ளுறுப்புகளை வைத்தே கட்டியது. முதல் இரண்டு டெக்கனும் அதில்தான் ஓடின. மூன்றாம் பாகத்துக்கு சிஸ்டம் 12 என்று ஒன்றைச் செய்தார்கள், அதுவும் அதே பரம்பரைதான், வேகம் கொஞ்சம் கூட்டியது. சிஸ்டம் 12-ல் ஓடிய முதல் ஆட்டம் டெக்கன் 3. 1997 மார்ச் 20-ல் ஜப்பான் ஆர்கேடுகளுக்கு வந்தது.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஓட்டலில் இருக்கும் பெரிய கிரைண்டரும் வீட்டு டேபிள் டாப்பும் ஒரே கல், ஒரே மாதிரி சுற்று, மோட்டார் மட்டும் சின்னது. ஓட்டல் கிரைண்டரைச் செய்யும்போதே வீட்டு மாடலையும் மனதில் வைத்துச் செய்தால் பிறகு சிரமம் இல்லை. நாம்கோ அதைத்தான் செய்தது. சேகா ஓட்டலுக்கு மட்டுமே ஆகிற ஒன்றைச் செய்துவிட்டு, வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று பிறகு முழித்தது. அவர்களுடைய சேட்டர்ன் பெட்டிக்கு வெர்ச்சுவா ஃபைட்டர் 3 வருவதாகச் சொன்னார்கள், கடைசிவரை வரவில்லை. 1998 நவம்பரில் ட்ரீம்காஸ்ட் என்ற புதுப் பெட்டி வந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தது. டெக்கன் 3 ஆர்கேடிலிருந்து பிளேஸ்டேஷனுக்கு இறங்க ஒரு வருடமும் ஒரு வாரமும்தான் எடுத்தது. 1998 மார்ச் 26 ஜப்பான், ஏப்ரல் 29 அமெரிக்கா, செப்டம்பரில் ஐரோப்பா.

எதையெல்லாம் விட்டார்கள்

முதலில் கதாநாயகனை. இரண்டு பாகமாகக் கதையைத் தூக்கிச் சுமந்த கசுயா மிஷிமா மூன்றில் கிடையாது. கதை பல வருடம் முன்னால் தாவுகிறது. அவனுடைய மகன் ஜின் கசாமா வருகிறான், தகப்பன் அடியும் தாய் ஜுன்னுடைய அடியும் கலந்து. மார்ஷல் லா போய் அவன் மகன் ஃபாரஸ்ட் லா. பழைய கிங் செத்து, அதே சிறுத்தை முகமூடியில் புது கிங். மிஷேல் இருந்த இடத்தில் ஜூலியா. ஹுவாராங், ஷியாயூ, எட்டி கோர்டோ, பிரையன் ஃபியூரி எல்லாம் புதுசு. கல்லா நிரப்பிக் கொடுத்த முகங்களை இப்படி மொத்தமாக மாற்ற இன்றைக்கு எந்தக் கம்பெனி ஒத்துக்கொள்ளும் என்று தெரியவில்லை. பழைய ரசிகன் கோபப்படுவான் என்ற பயமே போதும், கையைக் கட்டிவிடும்.

இரண்டாவது, குதியை. முதல் இரண்டு டெக்கனில் குதித்தால் ஆள் பனைமர உயரத்துக்குப் போய் நிதானமாக இறங்குவான். மூன்றில் அதைக் குறைத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகப் பக்கவாட்டு நகர்வு. முன்பு சிலருக்கு மட்டும் இருந்ததை எல்லோருக்கும் கொடுத்தார்கள், அதுவும் புதுப் பட்டன் இல்லாமல். மேல் அம்பை லேசாகத் தட்டினால் உள்பக்கம் ஒரு அடி, கீழ் அம்பைத் தட்டினால் வெளிப்பக்கம் ஒரு அடி, அவ்வளவுதான். சேகா ஒரு பட்டனைக் கூட்டிச் செய்ததை இவர்கள் இருக்கிற அம்பை வைத்தே செய்தார்கள். விழுந்தவன் சீக்கிரம் எழுந்துகொள்ள வழி செய்ததும் இந்தப் பாகத்தில்தான். கீழே கிடக்கிறவனை ஏறி மிதித்துக்கொண்டே இருக்கும் அலுப்பு அதோடு குறைந்தது.

பட்டன் விஷயத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். டெக்கனில் நான்கு பட்டன்: இடது கை, வலது கை, இடது கால், வலது கால். முதல் பாகத்திலிருந்தே இப்படித்தான், மூன்றிலும் கை வைக்கவில்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஆறு பட்டன், லேசான குத்து, நடு குத்து, பலமான குத்து என்று. அதை யாராவது சொல்லித்தர வேண்டும். டெக்கனில் நான்கு பட்டனையும் ஒருமுறை அமுக்கிப் பார்த்தால் போதும், எது எந்த உறுப்பு என்று தெரிந்துவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பொடியனும் முதல் நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். தடுப்பதற்குத் தனிப் பட்டன் கிடையாது, பின்னால் போகிற அம்பே தடுப்பு. பயந்து பின்வாங்குகிறவன் தன்னையறியாமல் தடுத்துக்கொண்டிருப்பான்.

மூன்றாவதாக விட்டது காட்சியை. பிளேஸ்டேஷனில் படத்துக்கான நினைவகம் 1 எம்பி, முதன்மை நினைவகம் 2 எம்பி. ஆர்கேடில் ஆட்களுக்குப் பின்னால் முப்பரிமாணமாக இருந்த இடங்களை வீட்டுப் பதிப்பில் சுற்றி ஒட்டிய தட்டைப் படமாக மாற்றிவிட்டார்கள். ஆளையும் அசைவையும் தொடவில்லை. நொடிக்கு 60 சட்டகம் (ஃபிரேம், அசைவைக் காட்ட அடுத்தடுத்து வரும் படம்) அப்படியே. சண்டை போடுகிறவன் கண் எதிராளியின் தோளிலும் முட்டியிலும் இருக்கிறது, பின்னால் கோபுரம் உருண்டையா தட்டையா என்று பார்க்க அவனுக்கு நேரமில்லை. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவன் வேண்டுமானால் பார்ப்பான். யாருக்காகச் செய்கிறோம் என்று தெரிந்து எடுத்த முடிவு.

இப்படி மிச்சம் பிடித்ததை வேறு இடத்தில் செலவழித்தார்கள். தெருத்தெருவாக அடித்துக்கொண்டு போகும் டெக்கன் ஃபோர்ஸ், கடற்கரையில் பந்தை எதிராளி மேல் அடிக்கும் டெக்கன் பால், கோன் என்ற குட்டி டைனோசர் (இது ஒரு ஜப்பானியப் படக்கதைப் பாத்திரம்), இதெல்லாம் வீட்டுப் பதிப்புக்கு மட்டும். ஆர்கேடில் நீனாவின் மாற்று உடையாக மட்டும் இருந்த ஆன்னாவுக்கு இங்கே சொந்தமாக அடி கொடுத்து தனி ஆளாக்கினார்கள்.

மதிப்பெண்ணும் ஒரு முணுமுணுப்பும்

வரவேற்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மதிப்புரைகளைச் சேர்த்துச் சராசரி போடும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 100-க்கு 96. கேம்ஸ்பாட் தளம் 10-க்கு 9.9 போட்டது. பிளேஸ்டேஷனில் 83 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது, அந்தப் பெட்டியில் அதைவிட அதிகம் விற்றவற்றை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஒரு பைசா வித்தியாசமில்லாமல் எல்லோரும் பாராட்டினார்கள்.

ஒருவரைத் தவிர. அமெரிக்காவின் எலக்ட்ரானிக் கேமிங் மன்த்லி பத்திரிகையில் ஒரு ஆட்டத்தை நான்கு பேர் மதிப்பிடுவார்கள். மூன்று பேர் 10-க்கு 10 போட்டார்கள். சூஷி எக்ஸ் என்ற புனைபெயரில் எழுதும் சண்டை ஆட்ட நிபுணர் 9-தான் போட்டார். கத்துக்குட்டி கண்டபடி பட்டனைத் தட்டினால்கூடப் பலன் கிடைக்கிற ஆட்டம் தன் பார்வையில் ஒருபோதும் முதலிடத்துக்கு வராது என்பது அவர் வாதம்.

அவர் யாரை மனதில் வைத்து எழுதினாரோ, இந்தப் பக்கத்தில் விளையாடிய யாரைக் கேட்டாலும் கை எட்டி கோர்டோவைத்தான் காட்டும்.

கடைக்குள்

இங்கே சோனி பெட்டி முறையாகக் கடைக்கு வந்து விற்ற காலத்துக்கு முன்னாலேயே சுற்று வழியில் வந்துவிட்டது. துபாய், சிங்கப்பூர் போனவர்கள் கையில் கொஞ்சம். மிச்சமெல்லாம் சென்னை பர்மா பஜார் சரக்கு. ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விடிகாலை கோயமுத்தூரில் இறங்கியவர்களை எனக்குத் தெரியும். உள்ளே ஒரு சிப்பை வைத்துப் பற்றவைத்திருப்பார்கள், அப்போதுதான் நகல் சீடி ஓடும். அசல் பிளேஸ்டேஷன் சீடியின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும் என்பதே எங்களில் பலருக்கு வெகுநாள் தெரியாது.

என் பெரியம்மா பையன் கோயமுத்தூர் சிங்காநல்லூர் பக்கம் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். முன்பக்கம் எஸ்டிடி பூத், ஜெராக்ஸ், பின்னால் திரை போட்ட அறையில் இரண்டு டிவி. அங்கே நடந்ததை வைத்துச் சொல்கிறேன், மற்ற கடைகளும் பெரிதாக வேறுபட்டிருக்காது.

முதல் சிக்கல் நிறம். வந்த சீடியெல்லாம் அமெரிக்கப் பதிப்பின் நகல், என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறை. கடையில் இருந்தது பால் (PAL) என்ற நம்ம நாட்டு முறைப் பழைய டிவி. படம் வரும், கறுப்பு வெள்ளையாக வரும். சும்மா விளையாட அதனால் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பேரும் ஜின்னையே எடுத்தால்? ஒரே ஆள், உடையின் நிறம்தான் வித்தியாசம், நிறம் போய்விட்டால் யார் யாரென்று தெரியாது. பாதி ஆட்டத்தில் "டேய், நான் எதுடா?" என்று கேட்டவர்கள் உண்டு. இரண்டாவது டிவி இரண்டு முறையும் எடுக்கும், அதற்கு எப்போதும் ஆள் காத்திருக்கும்.

இரண்டாவது சிக்கல் லென்ஸ். பழைய பெட்டிகளில் நாளாக ஆக சீடி படிக்காமல் போகும். பெட்டியைக் கவிழ்த்துத் தலைகீழாக வைத்தால் ஓடும். எந்த மெக்கானிக்கும் சொல்லித்தரவில்லை, எல்லாக் கடையிலும் எப்படியோ தெரிந்திருந்தது.

மூன்றாவது மெமரி கார்டு, இதுதான் கடையின் உயிர். டெக்கன் 3-ல் தொடக்கத்தில் பத்துப் பேர்தான் இருப்பார்கள். ஒவ்வொரு ஆளாக எடுத்து ஆட்டத்தை முடிக்க முடிக்க மற்றவர்கள் திறப்பார்கள்: மரக்கட்டை மொகுஜின், கரடி, ஹெய்ஹாச்சி, கடைசியில் ஓகர். டெக்கன் ஃபோர்ஸை நான்கு தடவை முடித்தால் பாஸ்கனோவிச் என்ற முதுகு வளைந்த டாக்டர். இதெல்லாம் கார்டில் பதிவாகியிருக்கும். கார்டு போனால் கடை பத்து ஆளோடு நிற்கும், அன்றைக்கே கும்பல் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். அண்ணன் ராத்திரி கடை பூட்டும்போது கல்லாப் பணத்தோடு கார்டையும் எடுத்துக்கொண்டு போவார்.

சனிக்கிழமை சாயங்காலம் லேத் பட்டறைகளில் வாரச்சம்பளம் போடுவார்கள். ஞாயிறு மத்தியானம் அந்தப் பையன்கள் வருவார்கள், கையில் கிரீஸ் போகாமல். கடை விதி ஒன்றுதான். ஜெயித்தவன் உட்கார்ந்திருப்பான், தோற்றவன் எழுந்து அடுத்தவனுக்குக் கட்டையைக் கொடுக்க வேண்டும். கட்டை என்றால் கன்ட்ரோலர்.

எட்டி கோர்டோ பிரேசில்காரன். கபோய்ரா ஆட்டம், கையை ஊன்றிக் காலைச் சுழற்றும் வகை. மார்செலோ பெரேரா என்ற நிஜ கபோய்ரா ஆசானை வைத்து அசைவைப் பதிவு செய்து உருவாக்கியவன், அதனால்தான் அந்த ஓட்டம் அவ்வளவு சரளம். அவனை எடுத்துக்கொண்டு இரண்டு கால் பட்டனையும் மாற்றி மாற்றித் தட்டினால் போதும், மேலே ஒன்று கீழே ஒன்று என்று அடி வந்துகொண்டே இருக்கும். எது மேலே வரும் எது கீழே வரும் என்று தடுப்பவனுக்குத் தெரியாது. தட்டுகிறவனுக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தினமும் வந்து ஹுவாராங்கில் பேர் வாங்கியிருந்த பாலிடெக்னிக் பையன் ஒருவனை, அன்றுதான் முதன்முதலாகக் கட்டையைத் தொட்ட பட்டறைப் பையன் எட்டியை வைத்து வரிசையாக எழுப்பிவிட்டான். தோற்றவன் கத்தினான் பாருங்கள்.

"ஏனுங்ண்ணா, இதெல்லாம் ஒரு ஆட்டமுங்களா? கண்ண மூடீட்டு ரெண்டு பட்டன அமுக்கறான்!"

அண்ணன் ஜெராக்ஸ் போட்டுக்கொண்டே திரும்பாமல் சொன்னார், "அமுக்கட்டும் உடு தம்பி. நீ எதுக்கு அவங்கிட்டப் போய் நிக்கற? சித்தத் தள்ளி நில்லு."

அதுதான் மருந்து. எட்டி பக்கத்தில் இருந்தால்தான் ஆபத்து. விலகி நின்று அவன் சுற்றி முடிக்கிறவரை விட்டு, காற்றில் போன காலை இழுத்துக்கொள்ளும் அந்த நொடியில் பால் ஃபீனிக்ஸின் பெரிய குத்து ஒன்று வைத்தால் திரையில் உயிரைக் காட்டும் ரத்தக்கோட்டில் ஒரு பெரிய துண்டு போய்விடும். அல்லது மேல் அம்பை லேசாகத் தட்டி உள்பக்கம் ஒதுங்கினால் அவன் கால் வெறும் இடத்தை அடிக்கும், அவனுடைய விலா உங்கள் பக்கம் திரும்பியிருக்கும். இதை யாரும் பாடம் நடத்தவில்லை. திரும்பத் திரும்பத் தோற்று, பின்னால் நின்று பார்த்து, கண்டுபிடித்தார்கள். சில கடைகளில் எட்டியை எடுக்கக் கூடாது என்று பேப்பரில் எழுதி ஒட்டியே விட்டார்கள். அண்ணன் ஒட்டவில்லை. வியாபாரம் தெரிந்த மனுஷன். எட்டியை எடுத்து ஜெயித்த பட்டறைப் பையன் அடுத்த வாரம் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

சூஷி எக்ஸ் சொன்னது உண்மைதான், ஆனால் அவர் அதைக் குறையாக எழுதினார். வாரத்தில் ஒரே ஒரு நாள், அதுவும் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்காருகிறவனுக்கு முதல் பத்து நிமிடத்தில் ஒரு வெற்றியாவது கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுந்து போய் டீ குடிப்பான், திரும்பி வர மாட்டான். ஆர்கேடில் நின்று பார்த்த ஆள் செய்த ஆட்டம் என்று முன்னால் சொன்னேனே, அது இங்கேதான் தெரிகிறது. எட்டி கத்துக்குட்டிக்கு வாசல். அவனை அடிக்க வழி கண்டுபிடிப்பது அடுத்த படி. அதற்கும் மேலே போனால், தூக்கிப் போட்டுக் கீழே விழாமல் அடிக்கும் காம்போ, பிடியைக் கழற்றுவது, எதிராளியின் எந்த அடிக்குப் பிறகு எத்தனை சட்டகம் இடைவெளி என்று கணக்குப் பார்ப்பது என்று முடிவே கிடையாது. பயிற்சிப் பகுதியில் வரும் அடிப் பட்டியலை 40 பக்க நோட்டில் முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம் என்று பென்சிலில் வரைந்து எடுத்துக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். கெமிஸ்ட்ரி ஃபார்முலா அவ்வளவு அழகாக எழுதியிருப்பார்களா தெரியாது.

கீபோர்டில் இறங்கிய பிறகு

பெட்டி வைத்திருந்த கடைகள் எண்ணிக்கை குறைவு. டெக்கன் 3 ஊர் ஊராகப் போனது எமுலேட்டர் வழியாக. பிளேஸ்டேஷன் மாதிரி நடிக்கும் மென்பொருள். 1999-ல் கனெக்டிக்ஸ் என்ற கம்பெனி ஒன்றும் பிளீம் என்ற இன்னொன்றும் காசுக்கே விற்றார்கள். சோனி இரண்டு பேர் மேலும் வழக்குப் போட்டது. 2000-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தோற்ற சோனி 2001-ல் அந்த மென்பொருளை விலைக்கு வாங்கி விற்பனையை நிறுத்தியது. அதே வருடம் பிளீம் கடையை மூடியது. அதற்குள் 2000-லேயே இபிஎஸ்எக்ஸ்இ என்ற இலவச எமுலேட்டர் வந்துவிட்டது. வெள்ளம் அணையைத் தாண்டியாகிவிட்டது.

ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். எமுலேட்டர் சட்டப்படி சரி என்றாலும் அதில் ஓடிய ஆட்டம் திருட்டு நகல்தான். அந்த 83 லட்சத்தில் நம்ம பக்கத்துப் பிரதிகள் ஏதாவது இருந்தால் ஆச்சரியம். நாம்கோவுக்கு இங்கிருந்து ஒரு பைசா போகவில்லை. இப்போது அதை வீரம் மாதிரிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, ஆனால் நடந்தது அதுதான்.

கம்ப்யூட்டரில் ஒரு கீபோர்டில் இரண்டு பேர். இடதுபக்கம் உட்காருகிறவனுக்கு எழுத்துச் சாவிகள், வலதுபக்கத்தவனுக்கு அம்பும் நம்பர் சாவிகளும். எல்லோருக்கும் வலதுபக்கம்தான் வேண்டும். அன்றைய சாதாரண கீபோர்டுகள் சாவிகளைக் குறுக்கும் நெடுக்குமான கம்பி வலையில் கோத்தவை. மூன்று நான்கு சாவிகளை ஒரே நேரத்தில் அமுக்கினால் சில கூட்டணிகளில் அடுத்த சாவி பதிவாகாது. என்ன நடக்கும்? ஒருவன் எட்டியை வைத்துக் கண்டபடி நாலு சாவியையும் அழுத்தினால், எதிராளி பின் அம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் தடுப்பு விழாது. அடி வாங்குவான். "நான் தடுத்தனுங்க, சத்தியமா தடுத்தனுங்க" என்று அழுகிற மாதிரி சொன்ன பையன்களை யாரும் நம்பவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஜப்பானில் சரிபார்த்துச் செய்த சமநிலை பிரௌசிங் சென்டர் கீபோர்டில் வந்ததும் எட்டி பக்கம் இன்னும் சாய்ந்துவிட்டது. டெக்கன் 3-ல் எட்டிதான் பலசாலி என்று இன்றும் இந்தப் பக்கம் சொல்கிறவர்களில் பாதிப் பேர் கீபோர்டில் விளையாடியவர்கள். கட்டையில் விளையாடியவர்களைக் கேட்டால் ஜின், பால், நீனா என்பார்கள்.

2008-ல் தொடங்கி 2012-ல் உச்சத்துக்குப் போன மின்வெட்டு கொங்கு நாட்டுத் தொழிலையே ஆட்டியது. தறியும் பட்டறையும் நின்ற ஊரில் கேம் கடை எம்மாத்திரம்? யுபிஎஸ் பேட்டரி மாற்றுகிற காசு கல்லாவில் விழவில்லை. பிரௌசிங் சென்டருக்குக் கூட்டமும் செல்போனால் குறைந்துவிட்டது. அண்ணன் பின்னறையை ஜாப் டைப்பிங்குக்கு விட்டுவிட்டார். டெக்கன் 3 மட்டும் போனுக்குள் குடிபோய்விட்டது. எமுலேட்டர் அங்கேயும் வந்தது.

நான்காம் பாகம் செய்தது

2001-ல் டெக்கன் 4. இம்முறை பலமான பெட்டி கையில் இருந்தது, பிளேஸ்டேஷன் 2 குடும்பம். எதையும் விட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே சேர்த்தார்கள். மேடு பள்ளமான தரை, சுற்றிச் சுவர், நடுவில் தூண். சண்டை தொடங்கும் முன் ஆள் நடந்து திரியலாம். கசுயாவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஜின்னுக்குப் பழைய அடிகளைப் பிடுங்கிக் கராத்தே கொடுத்தார்கள். தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நல்ல யோசனைதான், ஜின்னின் புது அடிகள் எனக்கே பிடிக்கும். ஆனால் சுவர் மூலையில் மாட்டியவன் வெளியே வர முடியாமல் செத்தான். தரை சாய்ந்திருக்கும் இடத்தில் நேற்றுப் பழகிய காம்போ இன்று விழவில்லை. மதிப்புரைகளில் முந்தைய பாகத்துக்குக் கிடைத்த ஒருமித்த பாராட்டு இதற்குக் கிடைக்கவில்லை, ஆர்கேடுகளிலும் ஈ ஓட்டியது.

இதில் வேடிக்கை என்னவென்றால் அதே 2001-ல்தான் சேகா வெர்ச்சுவா ஃபைட்டர் 4-ஐ வெளியிட்டது. மேடு பள்ளத்தையும் நான்காவது பட்டனையும் அதில் தூக்கிவிட்டார்கள். எதிரி அனுபவப்பட்டுக் கீழே போட்டதை நாம்கோ குனிந்து எடுத்துக்கொண்டது. 2004-ல் ஐந்தாம் பாகத்தில் சுவரை வைத்துக்கொண்டு தரையைச் சமமாக்கினார்கள், வேகத்தைக் கூட்டினார்கள், கூட்டமும் திரும்பியது. அதன் பிளேஸ்டேஷன் 2 டிவிடியிலேயே முதல் மூன்று பாகங்களின் ஆர்கேடு பதிப்பையும் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். டெக்கன் 3-ன் முப்பரிமாணப் பின்னணியை எங்களில் சிலர் முதன்முதலாகப் பார்த்தது அதில்தான். பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா?" என்று பழைய தட்டைப் படத்துக்கே போய்விட்டோம்.

சோனியே ஓட்டிய எமுலேட்டர்

2018 டிசம்பரில் சோனி பிளேஸ்டேஷன் கிளாசிக் என்று கைக்கடக்கமான ஒரு பெட்டியை விட்டது. உள்ளே 20 பழைய ஆட்டம், டெக்கன் 3 உட்பட. முறையாகக் காசு கொடுத்து வாங்க வழி வந்ததே என்று சந்தோஷப்பட்டவர்களுக்கு ஒரு அதிர்ச்சி. அதில் வைத்திருந்தது ஐரோப்பியப் பதிப்பு, பால் முறை, நொடிக்கு 50 சட்டகம். அமெரிக்க நகலில் 60-க்குக் கை பழகியவனுக்கு அது தண்ணீருக்குள் சண்டை போடுவது மாதிரி. ஒரு நொடியில் பத்து சட்டகம் குறைந்தால் பிடி கழற்றும் நேரம் தப்பும், காம்போவில் கை முந்திக்கொள்ளும். ஆளையும் அசைவையும் காப்பாற்றத்தான் 1998-ல் பின்னணியைப் பலி கொடுத்தார்கள். 20 வருடம் கழித்து அதே ஆட்டத்தில் அசைவிலேயே கை வைத்து, அதுவும் எந்த நெருக்கடியும் இல்லாமல், ஒரு பெட்டியை விற்றிருக்கிறார்கள். பெட்டி விலை சீக்கிரமே சரிந்தது.

பெட்டிக்குள் ஓடிய எமுலேட்டர் சோனி எழுதியது இல்லை. ஆர்வலர்கள் சேர்ந்து எழுதி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்ட பிசிஎஸ்எக்ஸ். கனெக்டிக்ஸையும் பிளீமையும் கோர்ட்டுக்கு இழுத்த அதே சோனி. வந்த சில நாட்களில் ஆட்கள் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். சில கம்பெனி யுஎஸ்பி கீபோர்டைச் சொருகி எஸ்கேப் சாவியை அமுக்கினால் மறைத்து வைத்த எமுலேட்டர் மெனு திறக்கும், அங்கே போய்ச் சிலதை மாற்றிக்கொள்ளலாம்.